அம்மாவுக்கு ஏற்றிய ஆறு பாயின்ட்

நேற்று கம்பம் ஊரில் ஒரு மண்டபத்துச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி, 'எங்கம்மா நிறம்' என்று பெயர். இந்தப் பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு அம்மா படம் கொண்டுவர வேண்டும். ஒரே விதி, டச்சப் செய்த படம் கூடாது. விதி போட்டவள் நான். என்னிடம்தான் அப்படி ஒரு அம்மா படம் இல்லை. அந்தக் கவலையோடு சுத்தியலைத் தூக்கினால், பின்னால் யாரோ பவுடர் டப்பாவைத் திறந்தார்கள். வாசனை வந்ததுதான் தாமதம், விரலிலேயே ஒன்று போட்டுக்கொண்டேன்.

அது ஸ்டுடியோ வாசனை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் முதன்முதலில் வேலை பார்த்த ஸ்டுடியோவில், கண்ணாடிக்குக் கீழே ஒரு சீப்பும் பவுடர் டப்பாவும் எப்போதும் இருக்கும். ஊரே அந்த ஒரு சீப்பில் தலைவாரியது. எப்படி ஒன்றும் ஆகாமல் பிழைத்தோம் என்பது தெரியவில்லை. வந்தவர்கள் வெள்ளையாக அப்பிக்கொண்டு ஸ்டூலில் உட்காருவார்கள். மிச்ச வெள்ளையை உள்ளே கம்ப்யூட்டரில் நான் பூசுவேன்.

முதலாளி காசிம் அண்ணன் தங்கமான மனிதர். அவர் சொன்ன தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. "ரெண்டு பாயின்ட் ஏத்தி விட்ரும்மா. ஏத்துனா யாரும் கேக்க மாட்டாக. ஏத்தலைன்னா திரும்ப வந்து நிப்பாக." முகத்தை வெளுப்பாக்கும் கணக்கு அது. மாநிறத்துக்கு இரண்டு, கருப்புக்கு நான்கு, ஜாதகத்தோடு போகிற படமென்றால் ஆறு. எங்கள் கம்ப்யூட்டருக்குள் இருந்த கம்பத்தைப் பார்த்தால் ஏதோ வெளிநாடு என்றுதான் நினைப்பீர்கள். இதில் வேடிக்கை, அந்தத் தெருவிலேயே நல்ல கருப்பு நான்தான்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது என் படத்துக்கு நானே ஏழு ஏற்றினேன். சொந்தக் கை, தாராளம். கூடலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காபியோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு, "ஒந்தங்கச்சிய வரச் சொல்லுத்தா, நல்ல நேரம் போகுதுல்ல" என்றார். எனக்குத் தங்கச்சி கிடையாது. அன்றைக்கு அழுதேன். மறுநாள் நினைத்து நினைத்துச் சிரித்தேன். மூன்றாம் நாள் வேலையை விட்டேன்.

அதன்பிறகு நான் பார்க்காத வேலையில்லை. மணப்பெண் அலங்காரம் செய்யப் போனேன். எங்கள் நிறத்துக்கு இங்கே கிரீம் கிடைக்காது. மதுரையில் வாங்கிய மூன்று டப்பாக்களைக் குழைத்து, புறங்கையில் தடவிப் பார்த்து நானே நிறம் கூட்டினேன். கேமரா வாங்கினேன். பள்ளிக்கூடச் சுவர்களில் படம் வரைந்தேன். 'கருப்பு' என்று பனியனில் அச்சடித்து உத்தமபாளையத்தில் கடை போட்டேன். கட்சிக்காரப் பெண் என்று நினைத்து இரண்டு பேர் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணத் தகவல் மையங்களில் 'சிவப்பான பெண் தேவை' என்ற வரியை எடுக்கச் சொல்லி, நாலைந்து பெண்களோடு படியேறிச் சண்டை போட்டேன். "கருப்பு மேக்கப்காரி வந்துட்டா" என்றார்கள். அந்தப் பெயர் பிடித்துப்போய், அதையே கடைக்குப் போர்டாக எழுதி மாட்டினேன்.

அம்மாவிடம் மட்டும் என் பிரசாரம் எடுபடவில்லை. விடிவதற்குள் ஜீப் ஏறி, மலைக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போவாள். திரும்பும்போது சேலையெல்லாம் ஏலக்காய் மணக்கும். நான் ஸ்டுடியோவில் சேர்ந்த முதல் வாரம், ஜீப்பிலிருந்து இறங்கியவளை அப்படியே இழுத்துவந்து ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். யாரும் கேட்காமலே ஆறு ஏற்றி, பிரேம் போட்டுக் கொடுத்தேன். "யாருத்தா இது, மலையாளத்துப் பொம்பள மாதிரி?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கூட வேலை பார்க்கிற பெண்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டினாள்.

பிற்பாடு எனக்குப் புத்தி வந்து, புதிதாக ஒன்று எடுக்கிறேன் என்று கேமராவைத் தூக்கினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். "அங்கிட்டுத் திருப்பு. சாகுற வரைக்கும் இந்த நெறத்தோடதான இருக்கப்போறேன். சொவத்துலயாவது செவப்பா இருந்துட்டுப் போறேன், விடுத்தா." மேடையேறினால் அரை மணி நேரம் பேசுகிறவள், கேமராவை உறைக்குள் போட்டு மூடினேன்.

அம்மா போய் இரண்டு வருடமாகிறது. ஆதார் அட்டையில் படம் இருக்குமே என்பீர்கள். அதில் இருப்பது அம்மாவா, பக்கத்து வீட்டு அண்ணாச்சியா என்று அடித்துச் சொல்ல முடியாது.

இன்று காலை என் கூடப்பிறந்த அண்ணனை வரச் சொன்னேன். வீட்டுச் சுவரில் இருக்கிற அந்த ஆறு பாயின்ட் படத்தை வைத்து, அம்மாவின் நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று எண்ணம். எத்தனை மணப்பெண்களுக்கு நிறம் கூட்டிய கை! கிரீம்களைக் குழைத்துப் புறங்கையில் தடவிக் காட்டினேன்.

"இல்ல புள்ள, அம்மா இதவிடக் கருப்பு."

கூட்டினேன்.

"இப்ப ரொம்பப் போச்சு. லேசா செம்மண் கலந்தாப்ல இருக்கும்ல?"

எனக்கு அப்படி ஞாபகமில்லை. முழங்கைவரை பட்டை பட்டையாகத் தடவியாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் சண்டை. கடைசியில் அண்ணன் சலித்துப்போய், "கடைசிவரைக்கும் கூட இருந்தவ நீதான. ஒனக்கே தெரியலையா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. அவன் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. காசிம் அண்ணன் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அந்தக் கம்ப்யூட்டர் பழைய சாமான்காரர் வண்டியில் ஏறி வருடக்கணக்காகிறது. அது இருந்திருந்தாலும் அதில் ஒன்றும் கிடைக்காது. அம்மாவுக்கு ஆறு பாயின்ட் ஏற்றி முடித்ததும், பழைய படத்தை அழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளட்டுமா என்று அது என்னைக் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.