தோணா வெட்டிய மாரி

எங்கள் ஊரில் பெண்பிள்ளை பிறந்தால் தகப்பன் முதலில் பார்ப்பது பிள்ளையின் முகத்தை அல்ல, வளவின் மூலையைத்தான் என்று பகிடியாகச் சொல்வார்கள். அவளுக்கு ஒரு வீடு கட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்கிறாராம். பகிடி என்றாலும் அதில் பொய் இல்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதுதான் எங்கள் வழக்கம். வீடு பெண்ணுடையது, தாயிடமிருந்து மகளுக்குப் போவது. வீடு இல்லாத பெண்ணைக் கேட்டு ஒருவரும் வாசல்படி ஏறமாட்டார்கள். அவள் எவ்வளவு அழகி என்றாலும் சரி, எத்தனை தரம் குர்ஆன் ஓதி முடித்தவள் என்றாலும் சரி.

எனக்கென்று இருந்த வீடு இப்போது கடலுக்குள் கிடக்கிறது. அது எப்படிப் போனது என்று கேட்டால், மழை என்பார்கள் சிலர். அல்லாஹ்வின் நாட்டம் என்பார்கள் சிலர். நாட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று அந்த வீட்டுக்குள் இருந்தவள் நான். மண்வெட்டி யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. ஊருக்குக் கிழக்கே கடல். வீடுகளுக்குப் பின்னால் நெளிந்து கிடக்கும் நீண்ட நீர்நிலையைத் தோணா என்போம். மேற்கே வயல்களில் பெய்கிற மழையும், ஒழுங்கைச் சந்துகளில் ஓடுகிற மழையும் கடைசியில் அதற்குள்தான் வந்து சேரும். தோணாவுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அது மூடியே கிடக்கும். மாரியில் தண்ணீர் ஏறி வீடுகளைத் தொடும்போது பள்ளிவாசலில் நகரா முரசை அடித்து ஆட்களைக் கூட்டித் திட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டுவது ஒருவர் தாண்டிப் போகக்கூடிய சின்ன வாய்க்கால்தான். அதற்குப் பிறகு தண்ணீர் தன்பாட்டில் கரையை அரித்து அகலமாக்கிக்கொள்ளும். எந்தப் பக்கத்தை அரிக்கும், எவ்வளவு தூரம் அரிக்கும் என்பது வெட்டியவர் கையில் இல்லை.

எங்கள் வீடு அந்தத் திட்டின் வடக்கு முனையில் கடைசி வீடு. அரைச்சுவர் கல், அதற்கு மேல் தென்னங்கிடுகு, இரண்டு அறை, சமைக்கத் தனியாக ஒரு குசினி. உம்மாவின் தகப்பன் உம்மாவுக்காகக் கட்டியது. அதுவரை தெற்கே நன்றாகத் தள்ளித்தான் திட்டை வெட்டுவார்கள். அந்த வருடம் வாடைக்கடல் தெற்குப் பக்கம் முழுவதும் மணலைக் கொண்டுவந்து குவித்துவிட்டது. பதிவான, தாழ்ந்த இடம் என்று பார்த்தால் எங்கள் வேலிக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது.

வாப்பா கரைவலைக்குப் போகிறவர். மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி ஒரு காய்ச்சலில் மௌத்தாகிப் போனார். உம்மா இத்தாவில் உட்கார்ந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், தன் வீட்டிலேயே இருக்கவேண்டும். அறை வாசலில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டோம். ஜன்னலைச் சாக்கால் அடைத்தோம். உள்ளே வரக்கூடிய ஆண் ஒரே ஒருவர்தான்: உம்மாவின் கூடப்பிறந்த காக்கா, என் மாமா. அவர் எங்கள் குடிக்கு, அதாவது எங்கள் தாய்வழிக் கூட்டத்துக்கு, மரைக்கார். பள்ளிவாசல் விஷயங்களில் எங்கள் குடிக்காகப் பேசுகிறவர். உம்மாவுக்கு உலகத்திலேயே அவரில்தான் நம்பிக்கை. மாமாவின் மகன் எனக்கு மச்சான். எனக்கென்று பேசிவைத்த மாப்பிள்ளை என்றுதான் எல்லாரும் அவனைச் சொல்வார்கள். மாமி கொடுத்தனுப்புகிற கறிச்சட்டியை அவன் கொண்டுவந்து வேலியடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடுவான். அதற்கும் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும், சந்தோஷமும் வரும்.

பிறகு மழை பிடித்தது. முதலில் சாதாரண மாரி மழைதான். விடாமல் பெய்தபோதுதான் பெரியவர்களின் முகங்கள் மாறத் தொடங்கின. கிணறு நிரம்பி, வாளி போடாமலே கையால் தண்ணீர் அள்ளலாம் போல் ஆனது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறின. ஒரு நாள் காலையில் வேலி முழுவதும் பாம்புகள் சுற்றிக் கிடந்தன. அவை யாரையும் கடிக்கவில்லை, அசையவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. கடல் இரைகிற சத்தத்தில் உம்மா ஓதுவது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

தோணாவின் அந்தப் பக்கம் பள்ளத்தெரு. அங்கே மண்சுவர் வீடுகள். தண்ணீரில் ஊறி ஒவ்வொன்றாகச் சரிந்தன. சரியும்போது பெரிய சத்தம் வராது. யாரோ பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். மாவடிப்பள்ளிப் பக்கத்து வெள்ளாமைக்காரர் ஆள் அனுப்பி, பயிர் முழுவதும் தண்ணீருக்குள் நிற்கிறது, எப்போது வெட்டப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். காரைதீவிலிருந்தும் கேட்டார்கள். ஊர் என்ன சொல்லும்? வெட்டவேண்டிய இடத்தில் இத்தாவில் ஒரு பெண் இருக்கிறாள் என்றுதான் சொன்னது.

முதலில் பெண்கள் வந்தார்கள். பள்ளத்தெருவில் வீடு இழந்த ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வந்து உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைக்கு இருமல். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அழுதாள், உம்மாவும் அழுதார், நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எழும்பிப் போகும்போது மட்டும், “ஒங்கட ஊடாச்சும் நிக்கட்டும்கா” என்று சொன்னாள். அது வாழ்த்தா சாபமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்து பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற லெவ்வை வந்தார். வேலிக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு கதைத்தார். துணிக்குப் பின்னால் இருந்து உம்மா சொல்வதை நான் வாசலுக்கு வந்து திருப்பிச் சொல்லவேண்டும். உம்மா சொல்வது அவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் கேட்டதுபோல் தலையை ஆட்டுவார். அதுதான் ஒழுங்கு.

“இத்தாவில இரிக்கிற பொம்புள, உசிருக்கு ஆபத்து எண்டா வேற ஊட்டுக்குப் போகலாம். மார்க்கம் அதுக்கு இடம் தந்திரிக்கி” என்றார் லெவ்வை.

உம்மா சொன்னதை நான் ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன்: “ஆபத்து வந்தா போகலாம் எண்டு சொல்றீங்க. இப்ப என்ட ஊட்டுக்குள்ள தண்ணி இல்ல. ஆபத்த மண்வெட்டியால நீங்கதானே கொண்டு வாறீங்க. அதுக்கு மார்க்கத்துல என்ன சொல்லியிரிக்கி?”

லெவ்வை குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, “மகள், உம்மாக்கிட்ட நான் துஆ செய்றன் எண்டு சொல்லு” என்றுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. உம்மா சிரிக்கவில்லை. என் தலைமுடியைக் கோதிக்கொண்டே, “நான் எனக்காகப் புடிவாதம் புடிக்கல்ல. இந்த ஊட்டக் கடல் எடுத்தா நீ எங்க போய் வாழுவா?” என்றார். அப்போதுதான் இது என்னைப் பற்றிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு மாமா வந்தார். அவருக்கு வாசல் துணியும் தடையில்லை, வேலியும் தடையில்லை. நனைந்த சால்வையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு நேராக உள்ளே வந்து உம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். வெளியே திட்டின் மேல் ஆட்கள் ஏற்கெனவே கூடிவிட்டார்கள். நகரா அடித்து ஓய்ந்திருந்தது.

“தங்கச்சி, இனிப் பொறுக்கேலா. இண்டைக்கு வெட்டாட்டி ராவைக்குப் பள்ளத்தெரு மிச்சமும் போயிரும். நீ எங்கட ஊட்டுக்கு வா. இத்தாவ அங்க இருந்து முடி” என்றார்.

“இந்த ஊடு?”

“நிண்டா நிக்கும். போனா ஊரு கட்டித் தரும்.”

“யாரு காக்கா அந்த ஊரு? பேரச் சொல்லுங்க” என்றார் உம்மா.

உம்மா என்னைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார். “ஊரு கட்டித் தரவும் வேணாம். எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க. ஊடு இல்லாம இந்தப் புள்ளய ஒங்கட மகனுக்கு எடுப்பீங்களா?”

“இதென்ன கதை இப்ப, தண்ணி வார நேரத்துல?”

“இப்பதான் கேக்கணும். தண்ணி போன பொறகு ஒருத்தரும் கேக்கவும் மாட்டாங்க, சொல்லவும் மாட்டாங்க.”

மாமா என்னைப் பார்த்தார். நான் நல்ல பிள்ளையாகத் தெரியவேண்டும் என்று தலைத்துணியைச் சரிசெய்துகொண்டேன். நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு எரிகிறது. ஒரு பெரிய மனிதர் என்னைத் தராசில் நிறுத்துப் பார்க்க, நான் பாரம் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

“ஓம். எடுக்கன்” என்றார் மாமா, தரையைப் பார்த்து.

“அப்ப அந்த ஆக்களுக்கிட்ட போய்ச் சொல்லுங்க. நாலு பேர் கேக்கச் சொல்லுங்க. சொன்ன உடன நான் எழும்பி வாறன். ஒங்கட ஊட்டுல ஒரு மூலையில இரிக்கன்.”

மாமா எழும்பினார். வாசலைத் தாண்டும்போது சால்வையை எடுக்க மறந்துவிட்டார். உம்மா என்னை வேலியடிக்கு அனுப்பினார். “மாமா சொல்றத ஒரு சொல்லு விடாமக் கேட்டுட்டு வா” என்றார். பிறகு குர்ஆனைத் துணியில் சுற்றத் தொடங்கினார். வாப்பா உடுத்திய சாரனை மடித்து அதன்மேல் வைத்தார். அவர் வரத் தயாராகிவிட்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்; அதனால்தான் இவ்வளவு கோபத்தோடு எழுதுகிறேன்.

வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். ஆட்கள் மாமாவைச் சுற்றி நின்றார்கள். “என்ன சொல்றா?” என்று ஒருவர் கேட்டார். கூட்டத்தில் மச்சானும் நின்றான். தகப்பனுடைய மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மாமா அவனைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “தங்கச்சி சம்மதிச்சிட்டா. பொம்புளயள் பின்பக்கத்தால கூட்டிப்போவாங்க. வெட்டுவம்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மீதி வரும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. மகன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி, முதல் வெட்டை அவரே வெட்டினார். மற்றவர்களும் தொடங்கினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். அவர்களுக்குப் பள்ளத்தெருவில் பிள்ளைகள் இருந்தார்கள். மரைக்கார் சொன்னதை நம்பினார்கள். பள்ளத்தெரு அன்றைக்குத் தப்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருமிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை வளர்ந்து பேரப்பிள்ளையும் கண்டது.

ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். “சொன்னாரா?” என்று கேட்டார். “உம்மா சம்மதிச்சிட்டா எண்டு சொன்னார்” என்றேன். “என்னயப் பத்தி ஒண்டும் சொல்லல்ல. வெட்டுறாங்க.”

உம்மா சுற்றிய குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினார். பின்பக்கத்துக்குப் போகவில்லை. வாசல் துணியை ஒதுக்கிவிட்டு முன்வாசலால் இறங்கி, மழைக்குள், வெள்ளைச் சேலையோடு, அத்தனை ஆண்களும் நின்ற திட்டுக்கு நேராக நடந்தார். நான் அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் விழுந்துவிட்டது. கறுத்த தண்ணீர், தேத்தண்ணிச் சாயம்போல. அது தெற்கே திரும்பவில்லை. எங்கள் வேலிப் பக்கமாகவே மணலைத் தின்றுகொண்டு வந்தது. முதல் வேலிக்கால் சாய்ந்ததைப் பார்த்தேன்.

உம்மாவை முதலில் கண்டவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிறகு அவருக்குப் பக்கத்தில் நின்றவர். பிறகு எல்லாரும், ஒருவர் பின் ஒருவராக. இத்தாவில் இருக்கிற பெண்ணை அந்நிய ஆண் பார்க்கக்கூடாது. நனைந்த முதுகுகள் மட்டும்தான் எங்களுக்கு முன்னால் நின்றன. மச்சானும் திரும்பிக்கொண்டான்.

மாமா மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கூட்டத்தில் உம்மாவின் முகத்தைப் பார்க்க மார்க்கம் இடம் கொடுத்த ஆண் அவர் ஒருவர்தான். உம்மா அவருக்கு முன்னால் போய் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வைத்துக் கேட்டதற்கு இந்த நாலு பேருக்கு முன்னால் பதில் வரட்டும் என்றுதான் காத்துக்கொண்டு நின்றார்.

மாமாவும் திரும்பிக்கொண்டார்.

எங்களுக்குப் பின்னால் குசினிக் கூரை தண்ணீரில் இறங்குகிற சத்தம் கேட்டது. உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் நடந்தார். அன்று பொழுதுபட நாங்கள் போய்ச் சேருவதற்கு ஊரில் வேறு வீடு இருக்கவில்லை. மாமா வீட்டுக்குத்தான் போனோம்.