திரைக்குப் பின்னால் ஓர் இருமல்

வீட்டில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்றுதான் பெயர். பல்லியைக் கண்டாலே அண்ணன் முதுகுக்குப் பின்னால் பதுங்குகிறவள் பொது சுகாதாரம் படிக்கப் போகிறேன் என்றதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பறை வரைக்கும் சிக்கலில்லை. வீடு வீடாகப் போய், விடாமல் இருமுகிறவர்களைக் கண்டுபிடித்துக் காசநோய்ச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்று களப்பணிக்கு அனுப்பியபோதுதான் பயம் வந்தது.

அவளுக்கு வாய்த்தது பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருந்த சந்து. எதிரே ஆள் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கவேண்டும். ஒவ்வொரு கதவைத் தட்டும்போதும் உள்ளே யாரும் இல்லாமலிருந்தால் தேவலை என்றிருக்கும்.

சந்தின் கடைசியில் ஒரு தையல்காரரின் வீடு. முன்னறையே கடை. அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும், “இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா, அடுத்த வீட்டைப் பாரு” என்றார்.

அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இருமும் இருமல். அவர் மிஷினை வேகமாக மிதித்தார். கடகடவென்ற சத்தத்தில் இருமல் அமுங்கிப்போனது. பிறகு கத்தரிக்கோலும் கையுமாக எழுந்து வந்தார்.

“இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தே, நல்லா இருக்காது.”

கால் தரையில் பாவாமல் ஓடிவந்துவிட்டாள். “விரட்டினா விட்டுடறதா? மறுபடி போ” என்றார் மேற்பார்வையாளர். நாளை, நாளை என்று தள்ளிப்போட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவளுக்கே இருமல் பிடித்துக்கொண்டது. ஜலதோஷம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். இருமல் நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவளுக்குத் தன்னைச் சோதித்துக்கொள்ளத் துணிவில்லை. காசநோய் என்று சொல்லிவிட்டால்? அம்மாவுக்கு ஒட்டியிருந்தால்? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு இருமினாள். தையல்காரர் ஏன் அப்படி மிதித்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் போய் அந்தக் கதவைத் தட்டினாள். அவர் நிமிர்ந்து முறைத்தார். அவள் வாயைத் திறக்குமுன் இருமல் முந்திக்கொண்டது.

“உனக்குமா?” என்றார்.

“தெரியலண்ணே. சோதிச்சுக்கல. பயமா இருக்கு. வீட்டுல யார்கிட்டயும் சொல்லல.”

திரை விலகியது. எலும்பும் தோலுமாக அவர் மனைவி நின்றாள். “வீட்டு ஓனர் காதுல விழுந்தா காலி பண்ணச் சொல்லிடுவாருன்னு இவருக்குப் பயம், தங்கச்சி. எனக்குப் பிள்ளைங்களை நினைச்சுதான் பயம்.”

“அப்ப ரெண்டு பேருமா போயிட்டு வந்துடலாம்க்கா. தனியா போக என்னால முடியாது.”

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

சோதனை முடிவு வந்த அன்று மூவரும் சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை, சாதாரணச் சளிதான். அக்காவுக்குக் காசநோய். தப்பித்தோம் என்று மனம் துள்ளியது. அந்தத் துள்ளலுக்காகவே அவளுக்குக் கூசியது. அக்கா அவள் கையை விடவில்லை.

“செத்துடுவேனா?”

“மாத்திரையை விடாம சாப்பிட்டா குணமாயிடும்க்கா.” எத்தனையோ வாசல்களில் கிளிப்பிள்ளையாகச் சொன்ன வார்த்தைதான். அன்றுதான் அதை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. ஆனால் தையல்காரர் பயந்தது நடந்தேவிட்டது. ஓனர் சேதி தெரிந்து வந்து கத்தினார். பல்லியைக் கண்டு பதுங்குகிறவள் அவர் எதிரே போய் நின்றாள். “மருந்து சாப்பிடுறாங்க சார். கொஞ்ச நாள்ல யாருக்கும் பரவாது. வேணும்னா டாக்டரையே கேளுங்க.” கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நகரவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அவர் திரும்பி வரமாட்டார் என்று உறுதியாகும்வரை அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மாத்திரைகள் முடிவதற்குள் அக்காவின் கன்னத்தில் சதை பிடித்துவிட்டது. பயந்தாங்கொள்ளிக்கு அடுத்த தெரு கொடுத்தார்கள். முதல் வீட்டு வாசலிலேயே நாயைக் கட்டியிருந்தார்கள்.