ஆல்டோவின் மஞ்சள் நாற்காலி

லொரெட்டா டிசாண்டோவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. அதுதான் ஆபத்து. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் பிள்ளைகளுக்கு மக்ரோனி அள்ளிப் போட்டவள். வரிசையில் முந்தியவனைத் திட்ட மாட்டாள். அடிப்பிடித்ததாகப் பார்த்து அவன் தட்டில் வைத்துவிட்டுச் சிரிப்பாள். எங்கள் புளூம்ஃபீல்ட் பேட்டையில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. பக்கத்து வீட்டுக்காரி என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்திருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கதவைத் தட்டியபோது அவள் ரொம்ப அமைதியாக இருந்தாள்.

"கோட்டை மாட்டுடி மார்ஜி. கடைத்தெருவுக்குப் போறோம்."

"என்ன வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்க வேணாம். ஆல்டோ நாற்காலியக் காணோம்."

உடனே மாட்டினேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம்: பனி கொட்டினால், தெருவில் கார் நிறுத்தும் இடத்தை முதுகு ஒடிய வாரியவருக்குத்தான் அந்த இடம். வெளியே போகும்போது ஒரு பழைய நாற்காலியை அங்கே போட்டுவிட்டுப் போகலாம். திரும்பி வரும்வரை ஈ காக்காய் அண்டாது. போலீஸ்காரனே ஒதுங்கித்தான் போவான். ஆல்டோ வருஷா வருஷம் போட்டது மஞ்சள் நாற்காலி. அவர்கள் கல்யாணத்துக்கு வாங்கிய சாப்பாட்டு மேசையோடு வந்தவற்றில் ஒன்று, அவர் உட்கார்ந்து சாப்பிட்டது. முதுகு கிழிந்ததும் கறுப்பு டேப்பைச் சுற்றித் தெருவுக்கு அனுப்பினார். அதைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் யாரும் இல்லை.

போன அக்டோபரில் ஆல்டோ போய்ச் சேர்ந்தார். இந்தக் குளிருக்கு லொரெட்டாவே பனியை வாரினாள், நாற்காலியைப் போட்டாள், காரை எடுத்துக்கொண்டு காலைப் பூசைக்குச் சர்ச்சுக்குப் போனாள். திரும்பி வந்தால் அவள் இடத்தில் எவனுடையதோ ஒரு பச்சைக் கார் நிற்கிறது. நாற்காலி இல்லை.

"எவன் எடுத்தானோ, அவன் கையாலயே திருப்பிப் போட வைக்கிறேன் பாரு," என்றாள் நடந்துகொண்டே.

லொரெட்டாவோடு கடை கடையாக ஏறினால் அவளுடைய பழைய பகையும் கூடவே ஏறி இறங்கும். கசாப்புக் கடைக்குள் அவள் வரவில்லை. ஆல்டோவை அடக்கம் செய்த அன்று அவன் கடையை மூடவில்லையாம். வாசலிலேயே நின்றுகொண்டு, "போய்க் கேளு. அவன் மூஞ்சியப் பாக்காம கேளு," என்று என்னை அனுப்பினாள். பூக்கடைக்காரி தெரியாது என்றாள். அவள் அனுப்பிய மலர்வளையம் வாடிப்போயிருந்ததை லொரெட்டா நினைவுபடுத்திவிட்டு இறங்கினாள். பழைய தட்டுமுட்டுச் சாமான் கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

"ஆல்டோ நாற்காலிய நான் வாங்கி வச்சா, அப்புறம் இந்தத் தெருவுல நான் நடமாட முடியுமாம்மா?"

பேக்கரியில் சூடாகப் பிட்ஸெல் பிஸ்கோத்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்று தின்றேன், பசி பொறுக்கவில்லை. அவள் தொடவில்லை. பக்கத்தில் கிழவர்கள் சீட்டாடும் காப்பிக்கடையில்தான் துப்புக் கிடைத்தது.

"பச்சைக் காரா? முக்குல புதுசாக் காப்பிக்கடை போட்டிருக்கானே, அந்தத் தாடிக்காரனோடது," என்றார் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒருவர். "வெளியூர்க்காரப் பய. ஒரு காப்பிக்கு ஒம்போது கேள்வி கேப்பான்."

அங்கே போனோம். உள்ளே நுழையவே வேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்குள் ஒரு மேடை, மேடைமேல் ஆல்டோவின் நாற்காலி, அவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு தொட்டிச் செடி. லொரெட்டா கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

கடைக்காரன் பெயர் கிரேசன். நல்ல பையன்போலத்தான் சிரித்தான். ஆளுக்கொரு காப்பி வாங்கிக்கொண்டோம்.

"அந்த நாற்காலி எங்க கெடச்சுது தம்பி?"

"அழகா இருக்குல்ல மேடம்? மேட்டுத் தெருவுல கெடந்துச்சு. காரை நிறுத்தப் போனேன், நடுவுல குப்பையாப் போட்டிருந்தாங்க. அருமை தெரியாத ஜனங்க."

"குடுப்பியா?"

"ஐயோ, இல்ல மேடம். கடைக்கே அதுதான் களை."

இப்போது அவன் தலையில் காப்பி கொட்டும் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். லொரெட்டா கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கோப்பையைத் துடைத்து வைத்தாள். தொட்டியைத் தூக்கி அவன் எதிரில் வைத்தாள். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், கடைக்கு நேர் முன்னால், சரக்கு வண்டி நிற்கும் இடத்தில் நட்ட நடுவில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், என்ன பண்றீங்க?"

"இன்னொரு காப்பி குடு தம்பி."

அவன் கதவருகே போவதற்குள் பால் வண்டி வந்துவிட்டது. ஓட்டுவது எங்கள் பேட்டைப் பையன் ஸ்டான். வண்டியை உள்ளே திருப்பப் போனவன், நாற்காலியைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தான். அதைத் தள்ளிப் போட்டுவிட்டு வரும்படி கிரேசன் வாசலிலிருந்து கத்தினான்.

ஸ்டான் ஜன்னலை இறக்கினான். "யார் நாற்காலி?"

"என்னோடதுதான்யா."

"யாருகிட்ட கதை விடற? டேப்பப் பாத்தாலே தெரியுது, ஆல்டோ நாற்காலி." உள்ளே எட்டிப் பார்த்தான். "லொரெட்டா ஆன்ட்டி, நீங்க போட்டதா?"

"ஆமாடா கண்ணு."

"அப்ப சரி," என்று பாலோடு கிளம்பிவிட்டான்.

கடைக்குக் கேக் கொண்டுவந்தவளும் நாற்காலியைப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், போனாள். கடையில் பால் தீர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சீட்டாடிய கிழவர்கள் எதிர்ச்சாரிக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு ஒரே குஷி, மறைக்க மாட்டேன்.

கிரேசன் கடைசியில் எங்கள் மேசைக்கு வந்தான். "அது உங்களோடதுன்னு தெரியாது மேடம். மன்னிச்சிடுங்க. எவ்வளவு நேரம் அங்க இருக்கும்?"

"பனி உருகற வரைக்கும்."

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"உன் காரை எடு. பனியத் திரும்ப வாரு. நாற்காலியத் தூக்கிட்டு வந்து எடுத்த எடத்துல வை. கார்ல வச்சுக் கொண்டுவராத. தூக்கிட்டு வா."

வந்தான். கசாப்புக்காரன் முதல் பூக்கடைக்காரி வரை வாசலில் நின்று பார்க்க, மஞ்சள் நாற்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு மேடேறி வந்தான். லொரெட்டா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள். விவகாரம் அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் காலை கடைத்தெருவுக்குப் போனால், கிரேசன் கடைக்கு முன்னால் மறுபடியும் மஞ்சள் நாற்காலி. பதறிப்போய் ஓடி வந்தேன். ஆல்டோவுடையது கறுப்பு டேப்போடு அதன் இடத்தில்தான் இருந்தது. லொரெட்டா சமையலறையில் நின்றுகொண்டே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"அங்க இருக்கறது என்னோடது," என்றாள். "சாப்பாட்டு மேசைல அவருக்கு எதிர்ல போட்டு நான் உக்காருவேனே, அது."

"அதான் எல்லாரும் பாக்கத் தூக்கிட்டு வந்தானே. எடுத்துட்டு வந்துடு லொரெட்டா. நீ எதுல உக்காருவ?"

"உக்காந்து? எதிர்ல யாரைப் பாக்கச் சொல்ற?" தட்டைக் கழுவித் துடைத்தாள். "ஏப்ரல்ல எடுத்துக்கறேன்."

நான் மறுபடி கடைத்தெருவுக்கு இறங்கினேன். ஸ்டான் வண்டியை எங்கோ கீழ்த்தெருவில் நிறுத்தியிருக்க வேண்டும். கிரேசன் இரண்டு கையிலும் பால் கேன்களோடு பனியில் வழுக்கி வழுக்கி மேடேறிக்கொண்டிருந்தான். நான் உதவிக்குப் போகவில்லை.