என் தங்கையைக் கவர்ந்த யோகா விரிப்பு: ஈப்போவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வழியே கிள்ளானுக்கு

பயணம் செய்வோரே, திருச்சபையின் மக்களே, தமிழால் எனக்கு உறவானோரே! என் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கையை ஒரு விரிப்பு கவர்ந்துகொண்டது. ஓர் ஆள் படுக்கும் அளவே உள்ள நீலநிற விரிப்பு. கிள்ளானில் வாழும் ஸ்டெல்லா என் தவக்கால உரைகளுக்கு முன்வரிசையில் அமர்ந்து வளர்ந்தவள். இந்தத் தவக்காலத்தில் நான் அவளுடைய ஊருக்கே சென்று பேசிய சனிக்கிழமை, அவள் வரவில்லை. "அன்னிக்கு எனக்கு யோகா கிளாஸ்ண்ணே" என்று தொலைபேசியில் சொன்னாள். இருபது பேர் அமர்ந்திருந்த மண்டபத்தில், அவளுடைய வெற்று நாற்காலியைப் பார்த்தபடி நான் பேசி முடித்தேன்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் அந்தக் கிள்ளான் பங்குக் கோயிலிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தது. கத்தோலிக்கர் யோகா பழகலாமா என்பது தலைப்பு. அழைப்புக்குப் பின்னால் ஒரு முறையீடு இருந்தது. ஸ்டெல்லா அங்கே திருப்பலியில் மறைநூல் படிக்கும் வாசகர். வாசக மேடையில் ஏறியவள் கண்களை மூடி மூன்று முறை ஆழ்ந்து மூச்சிழுத்தாளாம், உதடுகளும் அசைந்தனவாம். பங்கு மன்றத்தின் மூத்தவரான சூசை அங்கிள், அது மந்திரம் என்று பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டார். ஸ்டெல்லாவின் பெயர் வாசகர் அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டது. என் உரையைக் கேட்டபின் மன்றம் முடிவு செய்யும் என்றார்கள். கண்டித்துப் பேசும் நோக்கத்துடனேயே நான் ஒப்புக்கொண்டேன். (ஓகம் என்பதே என் நாவுக்கு இசைந்த சொல். ஆயினும் ஊரார் சொல்லும் யோகாவையே இங்கு எழுதுகிறேன். படிப்போரைத் தொடக்கத்திலேயே இழக்க விரும்பவில்லை.)

உரைக்கு முந்தைய நாளான சனிக்கிழமை, பிரிக்பீல்ட்சில் ஸ்டெல்லா பழகும் வகுப்பை முதலில் பார்த்துவிடப் புறப்பட்டேன். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். விடியற்காலை மின்தொடர்வண்டியில் ஏறினால் இரண்டரை மணி நேரம். கட்டணம் நாற்பது ரிங்கிட்டை ஒட்டி வரும். நிலையத்தை ஒட்டிய பேரங்காடியின் ஊடே நடந்து வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். நடை பத்து நிமிடம்தான். பூக்கடைக்காரர் மல்லிகைச் சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கடையில் தோசையும், தே தாரேக் என்னும் இழுத்து ஆற்றிய தேநீரும் வாங்கிக்கொண்டு அமர்ந்தேன். பரிமாறியவர் புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்தவர். யோகா வகுப்பு எங்கே என்று கேட்டேன்.

"நம்ம கடைக்கு மேலதான் சார். மூணு மாடி. லிஃப்ட் கெடையாது."

"முழங்கால் வலிக்காரர்கள் எப்படி ஏறுவார்கள்?"

"அதான் சார் கூத்தே. முட்டி வலிக்கு யோகா, யோகாவுக்குப் போனா முட்டி வலி. எறங்கி வந்து நம்மகிட்டதான் ரெண்டு நெய் தோசை சாப்பிடுவாங்க. எங்க முதலாளிக்கு அந்த டீச்சர் தெய்வம்!"

என் முழங்கால்களும் பழுதானவைதான். மூச்சுவாங்க ஏறினேன். கதவருகே போடப்பட்டிருந்த ஒரு நாற்காலியில் அமர்ந்து பார்த்தேன். பார்த்ததும் என் நெஞ்சு எரிந்தது.

கூடம் நிறைந்திருந்தது. பங்சார் அலுவலகங்களில் வேலை செய்வோர், பூச்சோங்கிலிருந்து வண்டி ஓட்டி வந்த குடும்பத் தலைவிகள், கால் சட்டை அணிந்த முதியவர்கள். இடம் போதாமல் இருவர் வாயிற்படியிலேயே விரிப்பை விரித்திருந்தார்கள். அன்பியம் என்னும் எங்கள் அக்கம்பக்கக் குழுவின் செபமாலைக்கு வீடு வீடாக அழைத்தாலும் ஆறு பேர் வருவார்கள். அவர்களிலும் ஒருவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார். இங்கே ஒரு கைப்பேசியும் வெளியே வரவில்லை. அத்தனை பேரும் கண்மூடி அமர்ந்திருக்க, கீழே சாலையில் பேருந்து நிற்கும் ஓசை மட்டும் மேலேறி வந்தது. நான் மேடையில் இடி முழக்கியும் பெறாத அமைதியை, கமலேஸ்வரி என்னும் அந்த ஆசிரியை ஒரு கையசைவில் பெற்றுவிட்டார். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம், அரசுப்பணியில் ஓய்வு பெற்றவர், நெற்றியில் திருநீறு. என் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாமல் விடாத என் தங்கை, அவர் "முதுக நிமித்து" என்றதும் நிமிர்ந்தாள். அந்த நிமிர்வைக் கண்டு நான் பொறாமைப்பட்டேன். அதை மறைப்பதற்கில்லை.

தொடக்கத்தில் ஆசிரியை மந்திரம் சொன்னார். பலர் உடன் சொன்னார்கள். ஸ்டெல்லாவும் அவளருகே இருந்த இருவரும் வாய் திறக்கவில்லை. மந்திரம் முடிந்தது. ஆசிரியை கண் திறந்து அந்த மூவரையும் பார்த்தபடி காத்திருந்தார். அவர்கள் தம் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்ட பிறகே முதல் பயிற்சியைத் தொடங்கினார். ஒவ்வொரு வாரமும் இதுதான் வழக்கமாம்.

வகுப்பு கலைந்ததும் என்னிடம் வந்தார்.

"ஸ்டெல்லாவோட அண்ணன்தானே? வாங்க சார். திட்டத்தானே வந்திருக்கீங்க?"

"கேட்க வந்திருக்கிறேன் அம்மா."

"திட்டிக்கிட்டே கேளுங்க, பரவால்ல."

"உங்கள் மந்திரத்தைச் சொல்லும்படி என் தங்கையிடம் எப்போதேனும் கேட்டிருக்கிறீர்களா?"

"அது வாயத் தொறந்ததே இல்ல, நானும் கேட்டதில்ல லா. அது சாமி அதுக்கு, என் சாமி எனக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன் சார், எனக்கும் ஒரு கடுப்பு இருக்கு." விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவை நோக்கி முகவாயை அசைத்தார். "முதுகு வலின்னு வருவாங்க. தூக்கம் வரலன்னு வருவாங்க. தொப்பை கொறையணும்னு வருவாங்க. இது வந்து, 'டீச்சர், சர்ச்சுல முட்டி போட முடியல, அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க'ன்னு கேட்டிச்சு. சாமி முன்னால குனியணும்னு என்கிட்ட வந்தது இது ஒண்ணுதான். எங்க ஆளுங்க ஒருத்தர்கூட அப்படிக் கேட்டதில்ல. உங்க சாமிமேல எனக்குப் பொறாமையா இருக்கு சார்."

பொறாமையை ஈப்போவிலிருந்து சுமந்து வந்தவன் நான். அதே சரக்கை அவரும் வைத்திருந்தார். 

கிள்ளானுக்கு நகர்ப்புறத் தொடர்வண்டியில் சென்றோம். ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரைமணி நேரமோ கூடுதலாகவோ நிற்க வேண்டியிருக்கும். சாளரத்தை ஒட்டி அமர்ந்திருந்த ஸ்டெல்லா, ஷா ஆலாம் தாண்டிய பிறகே பேசினாள்.

"நாளைக்கு நான் வாசிக்க மாட்டேண்ணே. இத்தன வருஷத்துல ஒரு வாட்டிகூட பேர எடுத்ததில்ல."

"வாசக மேடையில் என்ன முணுமுணுத்தாய்?"

"ஆண்டவரே என் உதட்டத் தொறங்கன்னு வேண்டுனேன். அதுக்கு மந்திரம்னு பேரு வெச்சிட்டாங்க." பின் என் பக்கம் திரும்பினாள். "தங்கச்சின்னு பாக்காதீங்க. தப்புன்னா தப்புன்னே பேசுங்க. ஆனா ஒண்ணு. சின்னப் புள்ளைலேர்ந்து உங்க பேச்சக் கேக்குறேன். ஒரு வாட்டியாச்சும், அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்கன்னு எங்கள விட்டிருக்கீங்களா? நீங்க மூச்சு வாங்குற நேரம்தான் எங்களுக்குத் தியானம்!"

எதிரே அமர்ந்திருந்த முன்பின் அறியாத பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். நான் அடுத்த நிலையத்தின் பெயரை உற்றுப் படித்தேன்.

ஞாயிறு காலைத் தமிழ்த் திருப்பலி. வாசகத்தை வேறொருவர் படித்தார். ஊர்ப்பெயர் ஒன்றில் தடுக்கினார். ஸ்டெல்லாவின் கைகள் மடியில் இறுகிக் கிடந்தன. குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும் எழுந்தேற்றத்தின் மணி ஒலித்தது. சூசை அங்கிள் முழங்கால் வலியால் அமர்ந்தே இருந்தார். நானும் அமர்ந்தே இருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில், என் தங்கை எதையும் பற்றிக்கொள்ளாமல் முழந்தாளிட்டாள். அப்பம் உயர்ந்தபோதும் கிண்ணம் உயர்ந்தபோதும் அவள் முதுகு அசையவில்லை. சென்ற ஆண்டு வரை அவளும் எங்களைப்போல் அமர்ந்திருந்தவளே. இந்தப் பயணத்தில் நான் பட்ட பொறாமைகளில் பெரியது அதுதான்.

பின்னர் மண்டபத்தில் ஒலிவாங்கியின் முன் நின்றேன். கண்களை மூடி ஆழ்ந்து மூச்சிழுத்தேன். உள்ளுக்குள் ஒரு வேண்டுதல் சொன்னேன். திறந்தபோது முன்வரிசையில் சூசை அங்கிள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், மேடை ஏறிய நாள்முதல் நான் இப்படித்தான் தொடங்குகிறேன்" என்றேன். "என்மீது யாரும் முறையிட்டதில்லை."

மண்டபம் சிரித்தது. சூசை அங்கிள் சிரிக்கவில்லை. "நீங்க பேச்சாளர், அழகாத்தான் பேசுவீங்க. அந்த கிளாஸ்ல மந்திரம் சொல்றாங்களா இல்லையா?" என்றார்.

நேர்மையான கேள்வி. நேராகவே விடை சொன்னேன். சொல்கிறார்கள். வேறொரு தெய்வத்தைப் போற்றும் சொல்லைக் கத்தோலிக்கர் சொல்லலாகாது, ஸ்டெல்லா சொல்லவில்லை. மூச்சே மீட்பு என்றோ, நீயே கடவுள் என்றோ ஒருவர் கற்பித்தால், விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். திருச்சபை நம்மை விழிப்பாயிருக்கச் சொல்கிறது. கைகால்களை நீட்டாதே என்று சொல்லவில்லை. முதுகெலும்பைப் படைத்தவர் யார்? மண்ணுக்குள் மூச்சை ஊதியவர் யார்? படைத்தவருடைய பொருளை நாமே பிறருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, போயிற்றே என்று அழுவதா? மண்டியிடத் தவித்த ஒருத்திக்கு நாம் ஒரு நாற்காலியைக் காட்டினோம். அந்தத் திருநீறு அணிந்த பெண்மணி முழங்காலை மடக்கக் கற்றுக்கொடுத்தார்.

சூசை அங்கிள் வெகுநேரம் தம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கும் மண்டி போட ஆசைதான் லா" என்றார், ஒலிவாங்கி இல்லாமல். மந்திரத்தைப் பற்றிய ஐயம் தமக்குத் தீரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். வியாழக்கிழமை மன்றம் கூடும் என்று பங்குத்தந்தை அறிவித்தார்.

இவ்வழி செல்வோருக்குச் சில சொற்கள். சனிக்கிழமை பிரிக்பீல்ட்சில் வண்டி நிறுத்த இடம் தேடி வீணாகாதீர்கள்; தொடர்வண்டியே நலம். வகுப்பைப் பார்க்க விரும்பினால் முன்னரே ஆசிரியரிடம் சொல்லுங்கள். கத்தோலிக்கராயின், மந்திரத்தின்போது அமைதியாய் இருப்பேன் என்று முதல் நாளே வெளிப்படையாகக் கூறுங்கள். அதை ஏற்காத இடம் உங்களுக்கு உரியதன்று. படியேற முடியாதவர்கள் தோசைக் கடையிலேயே காத்திருக்கலாம்.

கிள்ளான் பங்கு மன்றத்தாரே, இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அறிவேன். சனிக்கிழமையில் உங்கள் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. அன்று கிள்ளானில் இறங்கியதும் வாயிலில் நின்று பார்த்துவிட்டே எழுதுகிறேன். பொறாமைப்பட்டது போதும், பூட்டைத் திறவுங்கள். விரிப்புகளை விரியுங்கள். கற்றுத்தர வல்லவரை அழையுங்கள். மந்திரம் இருக்குமிடத்தில் நம் செபம் இருக்கட்டும், அதன்பின் ஐந்து நிமிட அமைதி இருக்கட்டும். சூசை அங்கிளுக்கு முன்வரிசையில் ஓர் இடம் ஒதுக்குங்கள். அவருக்கு அடுத்த இடம் எனக்கு. வியாழன்வரை காத்திருக்காதீர்கள். வாசகர் அட்டவணையை இன்றே கையில் எடுங்கள். வரும் ஞாயிற்றுக்கு நேரே ஸ்டெல்லாவின் பெயரை எழுதுங்கள்!