எல்லோரும் பார்க்க எழுதிய பதில்

முல்லைப் பெரியாறு அணையை வைத்துக் கேரளமும் தமிழ்நாடும் முட்டிக்கொண்டிருந்த 2000-களின் நடுப்பகுதி அது. கொச்சி மட்டாஞ்சேரியில் அப்போது நான் ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று ஓடிக்கொண்டிருந்த கடை. டிசைன்களை அச்சகத்துக்கு அனுப்பத்தான் இன்டர்நெட் வாங்கினேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பாதி நேரம் அதில் சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது தமிழ்க் குடும்பம். அப்பாவின் அப்பா காலத்தில் நகரசபை வேலைக்கு வந்து இங்கேயே வேர்விட்டவர்கள். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். சின்ன வயதில் பஸ்ஸின் பெயர்ப்பலகையைக்கூட மலையாளத்தில்தான் வாசிப்பேன், தமிழ் என்றால் எழுத்துக்கூட்டித்தான். அப்படிப்பட்டவள் தமிழில் கடகடவென்று எழுதக் கற்றுக்கொண்டது எதற்கு என்கிறீர்கள்? தேவாரம் படிக்கவா? சண்டை போடத்தான்!

இணையத்தில் ஒரு தமிழ் விவாத மன்றம் இருந்தது. ஈராக் போரா, இட ஒதுக்கீடா, அணுசக்தி ஒப்பந்தமா, எதுவானாலும் யாராவது அதற்கென்று ஒரு பக்கத்தை, 'திரி' என்பார்கள் அதை, தொடங்கிவைப்பார்கள். உடனே ஊர் ஊராக ஆட்கள் வந்து அதில் பதில் மேல் பதிலாக எழுதித் தள்ளுவார்கள். முகம் தெரியாது, பெயர் தெரியாது, எல்லாருக்கும் ஒரு புனைபெயர். நான் கொச்சியிலிருந்து எழுதுகிறேன் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். ஆணா பெண்ணா என்று யாரும் கேட்டதில்லை. சண்டை போட அது தேவைப்படவும் இல்லை.

அணைத் திரி தொடங்கியதும் நான் வேறு எந்தப் பக்கமும் போகவில்லை. காரணம், என் தங்கை. அவளை ஆலுவாவில் கொடுத்திருந்தோம். பெரியாற்றங்கரையிலேயே வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஆறுதான். அணைக்கு ஏதாவது ஆனால் அந்தத் தண்ணீர் இறங்கி வரும் வழியில்தான் அவள் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். 'அணை பழசாகிவிட்டது, இத்தனை உயிரை வைத்து விளையாடாதீர்கள்' என்பது என் கட்சி.

எதிர்க் கட்சியில் பெரிய வாய் ஒருவருக்கு இருந்தது. கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். இங்கே அவரைத் திராட்சைக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறேன். அந்த அணைத் தண்ணீர் வராவிட்டால் அவருடைய பூமி வெறும் கட்டாந்தரை. 'அணை கல்லு மாதிரி நிக்குது, அப்படியே ஏதாவது ஆனாலும் கீழே இடுக்கி அணை தாங்கிக்கும்' என்று அடித்துச் சொல்வார். நான் 'உங்கள் திராட்சைக்கு என் தங்கையின் உயிர் உரமா?' என்று எழுதுவேன். அவர் 'கொச்சிக்காரரே, எங்க சோத்துல கையை வெச்சுட்டு உயிரைப் பத்திப் பேசாதீங்க' என்று திருப்பிக் கொடுப்பார். மாதக்கணக்கில் இதே பாட்டுத்தான். மற்றவர்கள் என்னை மலையாளத்துக்கு விலைபோனவன் என்றெல்லாம் எழுதினார்கள். நான் போகும் மலையாள மன்றத்தில் ஏதாவது விட்டுக்கொடுத்துப் பேசினால் தமிழரை மட்டம் தட்டும் 'பாண்டி' என்ற பட்டம் கிடைத்தது. திராட்சைக்காரர் மட்டும் என்னை எந்தச் சாதியாகவும் மொழியாகவும் ஆக்காமல், அணையைப் பற்றி மட்டுமே கோபப்பட்டார். அதனாலேயே அவர்மேல் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

கர்க்கடக மாதம், அதாவது நம்முடைய ஆடி, விடாத மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மறுநாள் கொடுக்க வேண்டிய பத்திரிகை வேலை இருந்ததால் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். தங்கையிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"அக்கா, டேம் பொட்டிப்போச்சுன்னு எல்லாவரும் பறயறாங்க. பக்கத்து வீட்டு சேட்டன் குடும்பத்தோட எறங்கிப் போயாச்சு. நான் மாமாவை வெச்சுக்கிட்டு எங்கக்கா போவேன்?"

அணை உடைந்துவிட்டதாம். அவ்வளவுதான், லைன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், கிடைக்கவே இல்லை.

அவளுடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மடியில் கைக்குழந்தை. கணவர் வளைகுடாவில். வீட்டில் வேறு ஆண் துணை என்றால் மாமனார் மட்டும்தான், அவரும் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வதந்தியை நம்பி அவரைத் தூக்கினால் அவர் கதி என்னவாகும்? நம்பாமல் விட்டால் மூன்று பேரின் கதி என்ன?

கடைக்குப் பின்னால்தான் வீடு. ஓடிப்போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் கார்ப்பரேஷனில் குழாய்ப் பிரிவில் வேலை பார்த்தார். எதற்கும் சட்டென்று பதறாத மனிதர். அன்றைக்கு அவர் முகமும் மாறிவிட்டது.

"நான் வண்டி ஏற்பாடு பண்ணிட்டுப் போறேன். ஆனா அங்க போய் அந்த மனுஷனைத் தூக்கறதா வேண்டாமா? எலும்பு இன்னும் கூடலை. நாம தூக்கி ஏதாவது ஆச்சுன்னா அவ புருஷன் முகத்துல எப்படி முழிப்பே? வண்டி வர்றதுக்குள்ள யாரையாவது கேட்டு உறுதியாச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார்.

யாரைக் கேட்பது? டிவியில் ஒரு சேனல் வதந்தி என்றது, இன்னொன்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றது. போலீஸ் ஸ்டேஷன் போன் எந்நேரமும் எங்கேஜ்டாகவே இருந்தது. மலையாள மன்றத்தைத் திறந்தால், தண்ணீர் எந்த ஊர்வரை வந்துவிட்டது என்று கண்ணால் பார்த்தவர்கள்போல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அணைக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த மனிதர் என்று உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

அந்தத் திரியில் போய் எழுதினேன். அணை உடைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், தங்கை ஆலுவாவில் கைக்குழந்தையோடு இருக்கிறாள், இடுப்பொடிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், தூக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை, தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள் என்று.

முதலில் வந்த பதில், 'ஆரம்பித்துவிட்டார் நாடகத்தை.' அடுத்தது, 'அழுது அணையை இடிக்கப் பார்க்கிறார்.' ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார். நான் அந்த மன்றத்தில் இதைவிட மோசமாக வாங்கியும் இருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்புப் பொம்மையைப் பார்த்து அழுகை வந்துவிட்டது.

அதற்குக் கீழே திராட்சைக்காரர் எழுதினார். 'பொறுங்க. என் மச்சான் அணையிலதான் வேலை பாக்கிறாரு. கேட்டுட்டு வர்றேன்.'

காத்திருந்தேன். பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தேன். வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. என் கணவர் சிநேகிதருடைய சரக்கு வேனோடு வந்து ஹாரன் அடித்தார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அப்போதுதான் பதில் வந்தது. அதை எத்தனையோ முறை மனதுக்குள் படித்ததால் இன்றும் ஏறக்குறைய அப்படியே சொல்ல முடியும்.

'மச்சான்கிட்டப் பேசிட்டேன். அணைக்கு ஒண்ணும் ஆகலை, உடைஞ்சதுங்கிறது பொய். ஆனா மேல பேய் மழை பெய்யுது. ராத்திரி எப்படி இருக்கும்னு நான் சொல்ல முடியாது. கொச்சிக்காரரே, என் தங்கச்சியா இருந்தா இருட்டறதுக்குள்ள மேட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போயிருவேன். பெரியவரைப் பலகையில படுக்கவெச்சு, கட்டி, ஆடாமத் தூக்குங்க. இத்தனை நாளா இங்க நான் பேசினதை மனசுல வெச்சுக்கிட்டு உக்காந்துராதீங்க.'

கடைசி வரியைப் படித்ததும் வாசலுக்கு ஓடி, "பலகை எடுத்துக்கங்க, தூக்கிருங்க" என்று கத்தினேன்.

கடையில் பேப்பர் அடுக்கி வைக்கும் நீளமான பலகையைத்தான் எடுத்துப் போனார்கள். வைட்டிலா ஜங்ஷனில் வண்டிகள் நகரவில்லையாம். எதிர்ப் பக்கம் முழுக்க ஆலுவாவிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்துகொண்டிருந்தார்களாம். என் கணவரும் சிநேகிதரும் பெரியவரைப் போர்வையால் பலகையோடு சேர்த்துக் கட்டி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வேனில் ஏற்றியிருக்கிறார்கள். மட்டாஞ்சேரி வந்து சேரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்த பெரியவர், எங்கள் வீட்டுக் கட்டிலில் படுக்கவைத்ததும் முதலில் கேட்டது, "ஒரு சாயா கிடைக்குமா?" தங்கை சிரித்தாள், சிரித்துக்கொண்டே என் தோளில் விழுந்து அழுதாள்.

அணை நின்றது. ஆலுவாவில் ஆறு, வருஷா வருஷம் வருவதுபோல் மதில்வரை ஏறிவிட்டு வடிந்துபோனது. ஓடியவர்களையெல்லாம் ஊரே கேலி பேசியது. பெரியவருக்கும் நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டில் கதை அங்கேயே சுபமாக முடிந்தது.

திராட்சைக்காரருக்குத்தான் அது முடியவில்லை. நன்றி சொல்லலாம் என்று மறுநாள் மன்றத்தைத் திறந்தால் திரி பற்றி எரிந்துகொண்டிருந்தது. அவருடைய பதிலில் முதல் பாதியை வெட்டிவிட்டு, 'இருட்டறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிருவேன்' என்பதை மட்டும் யாரோ மலையாளத்தில் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். 'பார்த்தீர்களா, கம்பத்து விவசாயிக்கே அணைமேல் நம்பிக்கை இல்லை' என்று அது மன்றம் மன்றமாகச் சுற்றியது. என் பக்கத்து ஆட்கள் செய்த வேலை அது. அவருடைய பக்கத்து ஆட்கள் அவரைத் துரோகி என்றார்கள். மலையாளியிடம் எவ்வளவு வாங்கினாய் என்றார்கள். அணையில் வேலை பார்க்கும் அந்த மச்சான் யார், பெயரைச் சொல் என்று ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் படித்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது. மாதக்கணக்கில் மல்லுக்கட்டியும் அவர் வாதத்தில் ஒரு கல்லைக்கூட என்னால் பெயர்க்க முடிந்ததில்லை. ஒரே பதிலில் அவரே அதை முழுசாகத் தூக்கி எங்கள் பக்கம் கொடுத்துவிட்டார், அதுவும் என் தங்கைக்காக.

இரண்டு மன்றங்களிலும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். அணை உறுதியாக இருக்கிறது என்றுதான் அவர் முதலில் சொன்னார் என்று முழுப் பதிலையும் எடுத்துப் போட்டேன். யார் கேட்டார்கள்? அவரவருக்கு வேண்டிய துண்டு கையில் கிடைத்துவிட்டது.

அவருக்குத் தனி மடல் அனுப்பினேன். மன்னிப்பும் நன்றியும் சொல்லிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டேன். இதை எனக்கு மட்டும் தனி மடலாக அனுப்பியிருக்கலாமே, இப்படி எல்லாரும் பார்க்க ஏன் எழுதினீர்கள் என்று.

பதில் வந்தது. 'தனி மடல் வந்தா மேல ஒரு ஓரத்துல சின்னதா மின்னும். பதறிக் கெடக்கிறவங்க கண்ணுக்கு அது தெரியுமா? நீங்க கேட்ட எடத்துலயே சொன்னாத்தான் உடனே பாப்பீங்கன்னு தோணுச்சு. அவனவன் என்ன சொல்லுவான்னு எனக்கும் தெரியாம இல்லை. பெரியவர் எப்படி இருக்காரு?' அதற்குக் கீழே ஒரு வரி. 'அணை விஷயத்துல என் கருத்து மாறலை, அது பலமாத்தான் இருக்கு.'

பெரியவர் நன்றாக இருக்கிறார், என் கருத்தும் மாறவில்லை என்று எழுதி அனுப்பினேன். சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் மன்றத்தில் எழுதுவது குறைந்தது, பிறகு நின்றே போனது. நானும் அந்தத் திரிக்குப் போகவில்லை. போனால் அவர் இல்லாத இடத்தில் அவரைத் திட்டுபவர்களிடம்தான் சண்டை போட வேண்டியிருந்தது. சில வருடங்களில் அந்த மன்றமே மூடப்பட்டது.

அன்றைக்கு நாங்கள் பலகையில் கட்டித் தூக்கி வந்த பெரியவர் அதற்குப் பிறகு எழுந்து நடந்து, பேத்தியைப் பள்ளிக்கூடம்வரை கொண்டுபோய் விட்டார். நான் இப்போதும் வாதம் செய்கிறவள்தான், போனிலும் செய்கிறேன், வாய் அடங்கவில்லை. அந்த அணை பழசு என்றுதான் இன்றும் சொல்வேன். எங்கே இருந்தாலும் அவர் அது கல்லு மாதிரி நிற்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால், முன்பின் தெரியாத ஒருத்தரின் தங்கைக்காக, இத்தனை நாள் கட்டிக்காத்த என் பேச்சை ஊர் பார்க்க நானே கீழே போட எனக்கு மனசு வருமா என்று அவ்வப்போது என்னையே கேட்டுப் பார்க்கிறேன். வரும் என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை எனக்குத் துணிவில்லை.