இடது மிதிக்கு மருந்து, வலது மிதிக்கு அளவு

தீர்த்தகிரி கம்பவுண்டர் படிப்புக்குப் போனது ஆசையால் அல்ல, கோபத்தால். ராசிபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்தவன், 1931-ஆம் வருஷம் ஆடி மாசம் கண்வலிக்கு மருந்து வாங்கப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனான். அங்கே ஜன்னலுக்கு உள்ளே நின்ற கம்பவுண்டர், முன்னால் இருந்த கிழவரின் குப்பியில் ஜாடி மருந்தைக் குத்துமதிப்பாகச் சரித்துக் கொடுத்தார்.

"அளக்கலீங்களா?" என்று தீர்த்தகிரி கேட்டுவிட்டான்.

"இது முப்பது வருஷத்துக் கை. அளவு அதுக்கே தெரியும்" என்றார் அவர்.

ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, முடிச்சைத் தடவிப் பார்த்த பிறகே அடுத்த ஊடை நூலை ஓட்டுகிறவன் அவன். புடவையில் ஓர் இழை குறைந்தால் முதலாளி ஊரைக் கூட்டுகிறார். மனுஷன் வயிற்றுக்குள் போகிறதைக் கையே அளந்துகொள்கிறதா? கண்வலி மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்ததும் மனைவி கமலவேணியிடம், "நான் கம்பவுண்டருக்குப் படிக்கப் போறேன்" என்றான்.

"மருந்து வாங்கியாரச் சொன்னா, அந்தாளு வேலையை வாங்கியாரேங்கறீங்க" என்றாள் அவள். ஆனால் மறுநாள் காலைக்குள் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் பின்வாங்க இடமில்லை.

எட்டாவது பாஸ் செய்திருந்ததால் சேலத்து ஆஸ்பத்திரியில் படிக்க இடம் கிடைத்தது. தங்குவதற்கு, அங்கேயே குகை என்கிற பேட்டையில் கமலவேணியின் அண்ணன் சண்முகவேல் வீடு. சண்முகவேல் வீட்டில், குழிக்குள் காலை விட்டு மிதிக்கிற குழித்தறி ஒன்று சும்மா கிடந்தது. தங்கை புருஷன் என்ற மரியாதைக்குக் குறைவில்லாமல் அவர் அதைக் காட்டினார்.

"காலையில ரெண்டு மணி நேரம், சாயந்தரம் ரெண்டு மணி நேரம் உக்காருங்க மாப்ளே. மத்த நேரமெல்லாம் நீங்க டாக்டருதான்."

"டாக்டர் இல்லீங்க மச்சான், கம்பவுண்டர்."

"அதைப் பாஸ் பண்ணி என்னதான் ஆவீங்க?"

தீர்த்தகிரி விரல் விட்டுச் சொன்னான். ஜில்லா போர்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஆகலாம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சேலத்திலேயே மருந்துக் கடையில் நிற்கலாம். மெட்ராஸுக்குப் போய் மேலே படித்தால், மருந்து தயாரிக்கிற கம்பெனியிலேயே சேரலாம்.

"ஏற்காடு வேண்டாமுங்க, குளுரும்" என்று கமலவேணி உடனே ஓர் உத்தியோகத்தைக் கழித்துவிட்டாள்.

பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் மாத்திரை உருட்டவும் பொட்டலம் மடிக்கவும் கற்றுக்கொண்டான். அதில் அவனுக்குச் சிரமமே இல்லை. அவன் மடித்த பொட்டலங்கள் அச்சில் வார்த்தவை போல இருந்தன. உருட்டிய மாத்திரைகளில் எதை எடுத்துத் தராசில் போட்டாலும் ஒரே எடை. சங்கடம் மனப்பாடத்தில்தான் இருந்தது. இருநூறு மருந்து, ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத லத்தீன் பெயர், ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிரெயின், இத்தனை மினிம் என்று ஓர் அளவு. கிரெயின் என்றால் ஒரு தானிய மணி எடை, மினிம் என்றால் ஒரு சொட்டுப் போல.

படிக்கக் கிடைத்த நேரம் தறியில் உட்கார்ந்த நேரந்தான். எனவே நோட்டை நெய்த துணிமேல் விரித்து வைத்துக்கொண்டான். இடது காலால் மிதித்தால் மருந்தின் பெயர், வலது காலால் மிதித்தால் அளவு. நடுவில் ஊடை நூலோடு நாடா ஓடும். "டிங்சர் பெல்லடோனா" – டக். "அஞ்சுலருந்து பதினஞ்சு மினிம்" – டக். மருந்து மறந்தால் தறி நிற்கும். அடுப்படியில் இருந்தபடியே கமலவேணி, "என்னுங்க, தெரியலீங்களா?" என்பாள். விஷ மருந்துகள் பாடம் வந்த வாரத்தில் அவன் பயந்து அழுத்தி அடித்து நெய்த துணி போலக் கெட்டியான துணியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சண்முகவேல் வியாபாரியிடமே சொல்லிப் பெருமைப்பட்டார்.

வருஷம் முடிந்து பரீட்சை வந்தது. மருந்து கலக்கிக் காட்டும் பரீட்சையில் தீர்த்தகிரிதான் முதல். மறுநாள் வாய்க் கேள்வி. கேள்வி கேட்க வந்தவர் மருதாசலம் என்ற டாக்டர், நல்ல மனுஷர். பையன் பயந்திருக்கிறான் என்று நினைத்து, "நாற்காலியில உக்காரப்பா" என்றார்.

தீர்த்தகிரி உட்கார்ந்தான். கால் இரண்டும் சிமெண்டுத் தரையில் படிந்தன.

"டிங்சர் பெல்லடோனா?"

ஒன்றும் வரவில்லை.

"நக்ஸ்வாமிகா?"

அதுவும் வரவில்லை. இருநூறு மருந்தும் யாரோ வாரிக்கொண்டு போனது போல இருந்தது. டாக்டர் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

பெயிலான காரணம் அவனுக்கே தெரியவில்லை. கண்டுபிடித்தவள் கமலவேணி. கிணற்றடியில் நின்றவனிடம் நோட்டைப் பார்த்துக் கேட்டாள், விழித்தான். தறியில் உட்காரவைத்துக் கேட்டாள். அவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மூன்று மருந்து தாண்டிப் போய்விட்டான்.

"உங்க படிப்பு தலையில ஏறலீங்க. முழங்காலுக்குக் கீழயே நின்னுருச்சு" என்றாள்.

ஆறு மாசத்தில் மறுபரீட்சை. அதிலும் பெயிலானால் மூன்றாந்தரம் உட்கார விடமாட்டார்கள்; ஆயுசுக்கும் தறிதான். சண்முகவேலுக்கு அதில் பெரிய வருத்தம் இருக்காது. ஆனால் ராசிபுரத்தில் இரண்டு தெருவுக்கும் குகையில் மூன்று தெருவுக்கும் கமலவேணி சொல்லி வைத்திருக்கிறாள்.

படிப்பை மேலே ஏற்றுவதற்குச் சண்முகவேல் ஒரு வழி சொன்னார். தீர்த்தகிரியைத் தூணில் சாய்த்து உட்காரவைத்து, இரண்டு காலையும் பாவுக் கயிற்றால் கட்டிவிட்டுக் கேள்வி கேட்பது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அத்தாயி அடுப்புக்கு நெருப்பு வாங்கக் கரண்டியோடு வந்தாள். காலைக் கட்டிப் போட்ட ஆள் கண்ணை மூடிக்கொண்டு, "ஹைட்ரார்ஜிரம் கம் கிரீட்டா" என்று முனகுவதைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"எத்தனை நாளா இருக்குதாயா இது?" என்று வாசலுக்கு அப்பால் நின்று கமலவேணியிடம் கேட்டாள்.

"ஒரு வருஷமா இருக்குதுங்கக்கா."

"நாமகிரிப்பேட்டைப் பக்கம் பேயோட்டற கோடாங்கி ஒருத்தன் இருக்கானாம். சீக்கிரம் கூட்டிக்கிட்டுப் போ சாமி."

காலைக் கட்டிப் போட்டுக் கேட்டதில் அவனுக்குப் பத்துக்கு மூன்று மருந்து வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. கடைசி வாரத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

மறுபரீட்சைக்கும் அதே டாக்டர் மருதாசலம். "உக்காரப்பா" என்றார்.

"நின்னுக்கறேனுங்க" என்றான் தீர்த்தகிரி.

மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் பெல்லடோனா என்றார். இடது கால் லேசாக எழுந்து இறங்கியது. பிறகு வலது கால். பதில் வந்துவிட்டது. நக்ஸ்வாமிகா என்றார், வந்துவிட்டது. அடுத்ததை அவர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தறி ஓட ஆரம்பித்துவிட்டது. மேஜை ஆடியது, பேனா உருண்டது, மைக்கூடு ஓரத்துக்கு நகர்ந்தது. டாக்டர் ஒரு கையால் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தினார்.

"போதும், போதும். நிறுத்து!"

அறுந்த இழையைக் கண்டது போல நின்றான்.

"பெல்லடோனா, பெரியவங்களுக்குப் பதினஞ்சு மினிம்னு வெச்சுக்க. நாலு வயசுக் குழந்தை வந்திருக்குது. எவ்வளவு கொடுப்பே?"

இது நோட்டில் இல்லை. கால்கள் இரண்டும் அசையாமல் நின்றன. தீர்த்தகிரியின் உதடு மட்டும் அசைந்தது.

"வயசு நாலு. நாலோட பன்னெண்டு சேர்த்தாப் பதினாறு. பதினாறுல நாலு, கால் பங்கு. மூணே முக்கால் மினிமுங்க."

"நாலுன்னு வெச்சுக்கலாமே?"

"ஆகாதுங்க."

"கால் மினிம்தானேப்பா!"

"குழந்தைங்க. கூடக் குடுக்கக் கூடாதுங்க."

"சரி, முக்காலை எப்படி அளப்பே? அளவுக் கிளாஸில முக்காலுக்குக் கோடே இல்லையே."

"பதினஞ்சு மினிமையும் மொத்தமா ஒரு குப்பியில விட்டு, தண்ணி சேர்த்து, நாலு வேளைக்கு நாலு பங்காக் காகிதத்தை வெட்டிக் குப்பி மேல ஒட்டிக் குடுத்துருவேனுங்க. வேளைக்கு மூணே முக்கால் தன்னால வந்துரும். குடுக்கறதுக்கு முன்னால குலுக்கச் சொல்லோணுமுங்க, இல்லாட்டிக் கடைசி வேளையில கூடிப்போயிரும்."

டாக்டர் ரொம்ப நேரம் எதையோ எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "காலை எதுக்கு அப்படி ஆட்டினே?"

இத்தோடு போயிற்று என்று தீர்த்தகிரி நினைத்தான். மறைக்கவும் தெரியாமல், தறி, நோட்டு, மிதி, கயிறு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கோடாங்கியை மட்டும் விட்டுவிட்டான்.

"ஆஸ்பத்திரியில மருந்து கலக்கறப்பவும் ஆட்டுவியா?"

"மருந்து கையில இருந்தா அசையாதுங்க. கேள்வி கேட்டாத்தானுங்க ஆடும்."

"நோயாளிங்க உன்னைக் கேள்வி கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பதினைந்து நாள் கழித்துப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் நான்காவது பெயர் அவனுடையது. மூன்று தடவை படித்தான். அதுவும் போதாமல் ஆஸ்பத்திரிச் சேவகனை விட்டு ஒரு தடவை படிக்கச் சொன்னான். ஆவணியில் புதுச்சத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது.

கமலவேணி அன்றைக்குக் குகையில் எல்லா வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டு, தொண்டை கட்டித் திரும்பி வந்தாள். சண்முகவேல், நல்ல நெசவாளி ஒருவன் கெட்டுப்போனான் என்று பெருமூச்சு விட்டபடியே சர்க்கரை வாங்கி வந்து கொடுத்தார்.

"இதோட நிறுத்தப் போறதில்லை" என்றான் தீர்த்தகிரி. "ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு மெட்ராஸுக்குப் போய் மேல படிக்கோணும். அதுல நானூறு மருந்தாம்."

கமலவேணி மூட்டை கட்டுவதை நிறுத்தினாள்.

"ஏனுங்க, மெட்ராஸுல குழித்தறி கெடைக்குமுங்களா?"