கற்பூரம் மணத்த தந்தம்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த தச்சரின் பிழைப்பையும், அவர் குடியிருந்த லயத்து வரிசை வீட்டையும் நான் பறித்தேன். கை தவறி நடந்ததல்ல. திட்டம் போட்டுச் செய்தேன். நடந்தபோது மகிழ்ந்தேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். தந்தம், சலவைக்கல் போலத் தோன்றும் பொருள்களைத் தேடிப்பிடித்துக் கைவேலை செய்வதில் எனக்குப் பித்து. தோட்டத்து ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்குக் கட்டும் வெள்ளை மாவை வாங்குவேன். அதைப் படிகாரத் தண்ணீரும் வச்சிரப் பசையும் விட்டுப் பிசைந்து, மையில் நனைத்த நூலை உள்ளே வைத்து இழுத்தால் சலவைக்கல்லின் ரேகை விழும். அப்படிச் செய்த மைக்கூட்டுத் தாங்கி ஒன்றைப் பரிசளிப்பு விழாவில், தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரைக்குக் கொடுத்தேன். ஒரு வாரமாக விடாத மழை. ஈரம் குடித்திருந்த தாங்கி அவர் கையிலேயே உதிர்ந்தது.

மேடை போட்டுத் தந்த தச்சர் பக்கத்தில் நின்றார். “என்னங்க சார், சலவைக்கல்லுன்னீங்க, புட்டு மாதிரி உதிருது?” என்றார். கணக்கப்பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொல்ல, துரை வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாளிலிருந்து நான் புட்டு வாத்தியார். கரும்பலகை பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் கேட்கும். தச்சர் சொன்னதை அன்றே மறந்துவிட்டார். நான் இரண்டு வருடம் மறக்கவில்லை.

பிறகு துரை அவரிடம் ஒரு சிகரெட் பெட்டி செய்யச் சொன்னார். மூடியில் வெள்ளையாக ஏதாவது பதித்து இழைக்க வேண்டுமாம். தச்சர் என்னிடம் வந்தார். “உங்களுக்குத்தான் சார் இதெல்லாம் எங்க கிடைக்கும்னு தெரியும்.”

என்னிடம் இருந்தது. சீமைக்குப் போய்விட்ட ஒரு துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த மேசைக் கத்திகள். தந்தம் போலவே மெல்லிய வரி ஓடும் பிடிகள், ஆனால் செல்லுலாயிட். காய்ச்சிய ஊசியை ஒரு துண்டில் வைத்துப் பார்த்திருந்தேன். பக்கென்று பற்றிக்கொண்டது. துரை எரியும் சிகரெட்டைக் கண்ட இடத்தில் வைப்பவர் என்பதும் எனக்குத் தெரியும். பிடிகளைக் கழற்றி, பழைய தந்தம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

அறுக்கும்போது தச்சர் மோந்து பார்த்தார். “கற்பூர வாசம் வருதே சார்?”

கற்பூரம் சேர்த்துச் செய்வதால் செல்லுலாயிட் அப்படித்தான் மணக்கும். “ஹட்டன்ல கடையை மூடிட்டு ஊருக்குப் போனவரு வீட்டுல வாங்கினது. சாமி அறையில கற்பூரத்தோட கிடந்துச்சு” என்றேன்.

அவர் அந்தத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஒரு மாதத்துக்குள் பெட்டி தீப்பிடித்தது. துரையின் வலது கை வெந்தது. தந்தம் என்று ஏமாற்றியதாகத் தச்சருக்கு வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டு கொடுத்து, மூன்று நாளில் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். அவர் என் வீட்டுக்கு வந்தார். “நீங்க குடுத்ததுன்னு துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு.”

“நான் குடுத்தது தந்தம். நீங்க எதை மாத்தி வச்சீங்களோ, எனக்கென்ன தெரியும்” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையும் அன்று எனக்கு இனித்தது. அவர் குடும்பம் தகரப்பெட்டிகளோடு பஸ் ஏறியதை வகுப்பு ஜன்னலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். இனிப்பு ஒரு வருடம்கூட நிற்கவில்லை. பிறகு கற்பூரம் காட்டும் இடத்தில் என்னால் நிற்க முடியாமல் போனது.

ஏழெட்டு வருடம் கழித்து, நான் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு மாறியிருந்தபோது, அவர் கினிகத்தேனையில் ரோட்டோரம் தளபாடக் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சுண்ணாம்பில் வேகவைத்துப் பாடம் செய்த எருமை எலும்பு, தந்தத்துக்குப் பதில் பதிக்க உதவும் என்று, ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பையைத் திறக்கவே இல்லை.

“இங்க சொல்லி என்ன சார். எழுதிக் குடுங்க.”

எழுதினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மூத்த மகளை அழைத்து உரக்கப் படிக்கச் சொன்னார். அவள் முழுதும் படித்துவிட்டு, “‘தெரிஞ்சே குடுத்தேன்’னு எழுதலப்பா” என்றாள். வேறு தாளில் மறுபடி எழுதி, என் பெயரும் பள்ளிக்கூடத்தின் பெயரும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அவர் அதைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கடை முகப்பில் மாட்டிவிட்டார். ஹட்டன் பஸ்கள் தேநீருக்கு நிற்கும் இடம் அது. இறங்கியவர்கள் எல்லாரும் வாசித்தார்கள். எங்கள் வட்டாரக் கல்வி அதிகாரியும் ஒருநாள் வாசித்தார். அந்த மாதமே எனக்கு இடமாற்றம் வந்தது.

ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய், அதைக் கழற்றிவிடக் கூடாதா என்று கேட்டேன்.

தச்சர் உளியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. “இருக்கட்டும் சார். பாக்குறவங்க எல்லாம் நல்ல கையெழுத்துன்னு சொல்றாங்க” என்றார்.